உழவர் சந்தையா, இயற்கை அங்காடியா, நேரடி விவசாயியா: எங்கே வாங்கினால் பழக்கம் நிற்கும்?

செக்கு எண்ணெய், பாரம்பரிய அரிசி, கருப்பட்டி, சிறுதானியம், மண்சட்டி, பூந்திக்கொட்டை என்று ஒரே மாதத்தில் வீட்டையே புரட்டிப் போட்ட குடும்பங்கள் பலவற்றை எனக்குத் தெரியும். அதில் பல குடும்பங்கள் ஆறு மாதத்தில் பழையபடி சூப்பர் மார்க்கெட்டுக்கே திரும்பிவிட்டதும் தெரியும். அக்கறை இல்லாமல் போய்விட்டது என்று இவர்களைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதக் கடைசியில் பணம் இடித்தது, வாங்குகிற இடம் தூரமாக இருந்தது, கேட்ட பொருள் கேட்ட நேரத்தில் கிடைக்கவில்லை, பிள்ளைகள் சிவப்புச் சோற்றைத் தள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான். அதனால் என்ன வாங்குவது என்பதைவிட எங்கே, எப்படி வாங்குவது என்பதை முதலில் முடிவு பண்ணுவது நல்லது என்பது என் எண்ணம்.

மதுரை, திருச்சி, கோவை மாதிரி ஒரு ஊரில் இருக்கிற, இரண்டு பேரும் வேலைக்குப் போகிற, நாலைந்து பேர் சாப்பிடுகிற வீட்டை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அப்படிப்பட்ட வீட்டுக்கு நாலு வழி இருக்கிறது: உழவர் சந்தை, இயற்கை அங்காடி, விவசாயியிடமே நேரடியாக வாங்குவது, ஆன்லைன் அல்லது சூப்பர் மார்க்கெட்டின் ஆர்கானிக் அலமாரி.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். உள்ளூர்ப் பொருளும் இயற்கைப் பொருளும் ஒன்று கிடையாது. பக்கத்து ஊர்க் கத்தரிக்காய் உள்ளூர்தான், ஆனால் வாரம் ஒரு முறை மருந்தடித்து வளர்ந்ததாக இருக்கலாம். சூப்பர் மார்க்கெட்டில் பச்சை லேபிளோடு இருக்கும் துவரம்பருப்பு சான்றிதழ் பெற்ற இயற்கைப் பொருள்தான், ஆனால் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இன்னொரு உறையோடு உட்கார்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்து கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காத இடத்தில் எதை விட்டுக்கொடுப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்து வைக்காவிட்டால் ஒவ்வொரு கடையிலும் நின்று யோசிக்க வேண்டி வரும், யோசித்து யோசித்தே அலுத்துப்போகும். நான் போட்டுக்கொண்ட கணக்கு: காய்கறியில் உள்ளூருக்கு முதலிடம், அரிசியிலும் எண்ணெயிலும் இயற்கைக்கும் கலப்படமின்மைக்கும் முதலிடம். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்தது. அதற்கப்புறம் மாநிலம் முழுக்க நூற்றுக்கும் மேல் வந்துவிட்டன. விவசாயிக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை, இடைத்தரகர் கிடையாது, தராசு சந்தையிலேயே கொடுப்பார்கள், விலை காலையில் முடிவாகி வாசல் பலகையில் எழுதப்பட்டுவிடும். பேரம் பேசத் தெரியாதவர்களுக்கு அந்தப் பலகை ஒன்றே பெரிய வரம். வெளிக்கடையைவிட விலை குறைவு, காய் பெரும்பாலும் முந்தின நாள் சாயங்காலமோ அன்று விடியற்காலையோ பறித்தது. பையை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும் என்பதும் நல்லதுதான். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகைக்கு இங்கே தடை இருந்தும், தள்ளுவண்டிக்காரர் கேரி பேக்கை எடுத்து ஊதுவது இன்னும் நின்றபாடில்லை. மஞ்சப்பையோடு சந்தைக்குப் போகிறவர் அதைத் தனியாக யோசிக்கவே வேண்டாம்.

குறை என்னவென்றால், அங்கே இருப்பதெல்லாம் இயற்கை விவசாயம் கிடையாது, யாரும் அப்படிச் சொல்லிக்கொள்வதும் இல்லை. அடுத்தது, சில சந்தைகளில் வியாபாரிகளும் நுழைந்துவிடுகிறார்கள். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கேரட், உருளை, கத்தரி, வெண்டை, பீட்ரூட் என்று மலைக்காயும் சமவெளிக்காயும் ஒரே ஆளிடம் குவிந்து கிடந்து, எல்லாம் ஒரே அளவில் பளபளவென்று இருந்தால் அது மண்டியில் எடுத்த சரக்கு. விவசாயி என்றால் அவர் முன்னால் மூன்று நாலு வகைதான் இருக்கும், அதிலும் ஒன்றிரண்டு கொஞ்சமாகத்தான் இருக்கும், வெண்டைக்காயில் பிஞ்சும் முற்றலும் கலந்திருக்கும், கீரைக்கட்டின் வேரில் ஈரமண் ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட இரண்டு பேரைப் பார்த்து வைத்துக்கொண்டு அவர்களிடமே வாராவாரம் வாங்கினால், கொஞ்ச நாளில் "மருந்து எப்போ அடிச்சீங்க அண்ணே?" என்று கேட்கலாம், அவரும் உள்ளதைச் சொல்வார். "இன்னைக்கு இந்தக் கத்தரி வேணாம்மா, அடிச்சு நாலு நாள்தான் ஆச்சு, அவரைக்காய் எடுத்துக்க" என்று ஒரு பெரியவர் தன் சரக்கையே தள்ளிவிட்டதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். இந்த உறவுக்கு எந்த லேபிளும் ஈடாகாது.

சரி, இயற்கை அங்காடி. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து பேசிய காலத்துக்குப் பிறகுதான் இந்தக் கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. அவர் 2013 கடைசியில் மறைந்தார், அவர் உருவாக்கிய வானகம் கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் இன்றும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த வழியில் வந்து மெய்யாகவே விவசாயிகளைத் தேடிப்பிடித்துக் கொள்முதல் செய்கிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் பனை ஓலைக் கொட்டானும் காக்கிக் காகிதப் பையும் வாங்கி வைத்தால் போதும், யார் வேண்டுமானாலும் இயற்கை அங்காடி போர்டு மாட்டிவிடலாம் என்பதும் உண்மை. சாக்கில் உதிரியாக வைத்து விற்கிற பொருளுக்குச் சான்றிதழ் முத்திரையும் இருக்காது.

அதனால் கடையில் ஒரே ஒரு கேள்வியை வைத்து ஆளை எடை போடுங்கள்: "இது எந்த ஊர், யாரோடது?" உடனே ஊரைச் சொல்லி, "போன வாட்டி வந்தது வேற ஆளோடது, இது கொஞ்சம் உடைசல் ஜாஸ்தி" என்கிற அளவுக்குப் பேசுகிறவர் கடையில் தாராளமாக வாங்கலாம். "எல்லாம் ஆர்கானிக்தான் சார்" என்று மட்டும் பதில் வந்தால் வெளியே வந்துவிடுவது மேல். இன்னொன்று விலை. எல்லாவற்றையும் இங்கேயே வாங்கினால் மளிகைச் செலவு கண்ணைக் கட்டும். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும். வாயில் வைக்கிற எல்லாவற்றையும் ஒரே கடையில் மாற்ற ஆரம்பித்த குடும்பங்கள்தான் சீக்கிரம் கைவிடுகின்றன. சின்ன அளவில் தேவைப்படுகிற பொருட்களுக்கு, அதாவது மஞ்சள்தூள், மலைத்தேன், தினை, சாமை, இந்துப்பு, கஸ்தூரி மஞ்சள் வகையறாவுக்கு, இந்தக் கடை சரியான இடம். சிறுதானியத்தில் ஒரு விஷயம்: வெள்ளை வெளேரென்று இருந்தால் நன்றாகத் தீட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். தீட்டாத சாமை கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், ரொம்ப நாள் வைத்தால் கசக்கவும் செய்யும். ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள்.

ஆன்லைன் பற்றி நான் நிறையச் சொல்லப் போவதில்லை. சான்றிதழ் என்று பார்த்தால் நாலு வழிகளில் இதில்தான் அதிகம் கிடைக்கும். இந்தியா ஆர்கானிக் முத்திரை, ஜைவிக் பாரத் முத்திரை இரண்டையும் பாக்கெட்டில் பார்க்கலாம். நகருவதற்கே முடியாத நிலையில் இருப்பவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், வயதான பெற்றோரைத் தனியாகப் பார்த்துக்கொள்பவர்கள் இதை நம்பித்தான் ஆக வேண்டும், அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. ஆனால் அரைக் கிலோ உளுந்துக்கு அட்டைப்பெட்டி, அதற்குள் காற்றடைத்த பிளாஸ்டிக், அதற்குள் பாக்கெட் என்று வருகிறபோது இயற்கைக்கு நாம் என்ன செய்தோம் என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. தள்ளுபடி நிற்கிற அன்றைக்குப் பழக்கமும் நின்றுவிடுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன், ஏனென்றால் அந்தப் பொருளுக்குப் பின்னால் தெரிந்த முகம் என்று ஒன்றும் இல்லை.

நேரடியாக விவசாயியிடம் வாங்குவதுதான் எல்லோரும் கனவு காண்பது, பாதியில் நின்றுபோவதும் இதுதான். ஏன் என்று கவனித்துப் பார்த்தால் காரணம் எளிது. அடுக்குமாடியிலோ அலுவலகத்திலோ ஒருவர் ஆர்வமாக வாட்ஸ்அப் குழு தொடங்குவார், யாருக்கு எத்தனை கிலோ என்று எழுதுவார், பணம் வசூலிப்பார், பார்சல் ஆபீஸில் மூட்டையை இறக்கி வீடு வீடாகப் பிரித்துக் கொடுப்பார். அவருக்கு மாற்றல் வந்தாலோ, வீட்டில் உடம்பு சரியில்லாமல் போனாலோ குழுவே படுத்துவிடும். ஆகவே வாரா வாரம் காய்கறிக்கு இந்த ஏற்பாட்டை வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அரிசிக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் பாரமாகத் தெரியாது, வேலையை மாற்றி மாற்றியும் செய்யலாம்.

இங்கே நம்பிக்கைக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பங்கேற்பு உத்தரவாதத் திட்டம் என்று ஒன்றை மத்திய அரசு நடத்துகிறது, பிஜிஎஸ் என்பார்கள். குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் ஆய்வு செய்து உறுதி கொடுப்பது. இயற்கை விவசாயத்துக்கு மாறுகிற காலத்தில் இருப்பவருக்கு பிஜிஎஸ் கிரீன், முழுக்க மாறியவருக்கு பிஜிஎஸ் ஆர்கானிக். பக்கத்து வயல்காரன் கண்ணில் மண்ணைத் தூவுவது லேசுப்பட்ட காரியமில்லை என்பதால் எனக்கு இந்த முறை பிடிக்கும். தனியார் நிறுவனம் மூலமோ கோவையில் இருக்கிற அரசின் அங்ககச் (ஆர்கானிக்) சான்றளிப்புத் துறை மூலமோ வாங்குகிற சான்றிதழும் உண்டு, ஆனால் இரண்டு ஏக்கர்க்காரர் எல்லோரும் அதற்கான பதிவேடுகளை எழுதிக்கொண்டிருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. சான்றே இல்லாத நல்ல விவசாயிகளும் நிறையப் பேர். ஒரு முறை வயலுக்குப் போய் வாருங்கள், மாடு இருக்கிறதா, எருக்குழி இருக்கிறதா, வரப்பில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் ஏமாற்றும் அதிகம், லாபமும் அதிகம். ரீபைண்ட் சூரியகாந்தி எண்ணெய்க்கான கச்சா எண்ணெய் பெரும்பாலும் உக்ரைன், ரஷ்யா, அர்ஜென்டினாவிலிருந்து கப்பலில் வருகிறது. 2022இல் உக்ரைனில் போர் மூண்டதும் இங்கே நம் அடுப்பங்கரையில் விலை எகிறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நம் ஊரிலோ திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் கடலை, ஈரோடு பக்கம் எள், காங்கேயத்தில் கொப்பரை என்று எல்லாமே இருக்கிறது.

மரச்செக்கு என்று போர்டு மாட்டிய எந்தக் கடையிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ எள் வேண்டும், கூடவே ஆட்டும்போது கொஞ்சம் கருப்பட்டி. எள் கிலோ 160 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எள்ளுக்கே 400 ரூபாய் ஆகிறது. ஆட்டுகூலி தனி. பிண்ணாக்கு விற்றுக் கொஞ்சம் திரும்ப வரும், வந்தாலும் லிட்டரை 250 ரூபாய்க்கு ஒருவர் கொடுக்கிறார் என்றால் அதில் எள் எங்கே இருக்கிறது? கடலை எண்ணெய்க்கும் கிட்டத்தட்ட இரண்டே கால், இரண்டரை கிலோ பருப்பு ஆகும். தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு கிலோவுக்குள் கொப்பரை போதும், ஆனால் பூசணம் பிடிக்காமல் இருக்கக் கந்தகப் புகை போட்ட கொப்பரையா என்று கேட்க மறக்காதீர்கள்.

இதில் எனக்குப் பிடித்த வழி, எள்ளையும் கடலையையும் நாமே வாங்கிப் போய் ஆட்டிக்கொண்டு வருவது. பல ஊர்களில் கூலிக்கு ஆட்டித் தருகிற செக்கு இருக்கிறது. வாகை மர உலக்கை மெதுவாகச் சுற்றும், சீக்கிரம் முடிகிற வேலையில்லை, காத்திருக்கத்தான் வேண்டும். எள் நசுங்கி, கருப்பட்டி சேர்ந்து, திரண்டு, ஓரமாக எண்ணெய் பிரிகிறபோது வருகிற வாசம் தெருமுனை வரை வரும். புதுசாக ஆட்டிய எண்ணெய் கலங்கலாகத்தான் இருக்கும், எவர்சில்வர் தூக்கில் வாங்கி வந்து இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்தால் கசடு அடியில் படியும், மேலாக வடித்துக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு வேண்டியதை மட்டும் ஆட்டுங்கள், கடலை எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும்.

ஒன்றை மனதார வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். செக்கு எண்ணெய் குடித்தால் கொலஸ்ட்ரால் கரையும், சர்க்கரை போகும் என்றெல்லாம் விற்பவர் பேச்சை நம்பித் தாராளமாக ஊற்றாதீர்கள். எந்த எண்ணெயும் எண்ணெய்தான். கலப்படமில்லாத, இங்கே விளைந்த, இங்கே ஆட்டிய பொருள் என்பதற்காக வாங்குவோம், அதுவே போதுமான காரணம்.

கருப்பட்டியும் இதே கதைதான். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய எட்டிலிருந்து பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்ச வேண்டும், அந்தப் பதநீருக்கு ஒரு மனிதர் காலையும் மாலையும் பனையேற வேண்டும். அதுவும் வருடம் பூராவும் இறங்காது, கோடைதான் பருவம். ஆகவே சீனியைவிடச் சற்றே கூடுதல் விலைக்கு, எந்த மாதம் கேட்டாலும், எத்தனை கிலோ கேட்டாலும் கிடைக்கிற கருப்பட்டியில் சீனிப்பாகு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, சந்தோஷம், ஆனால் பெயரை மட்டும் அச்சடித்து விற்பதும் நடக்கிறது. பருவத்தில் தெரிந்தவர் மூலம் வருடத்துக்கு வேண்டியதை வாங்கிக் காற்றுப்புகாமல் வைப்பது ஒன்றே வழி. அது முடியாவிட்டால் நாட்டுச்சர்க்கரையோ வெல்லமோ போதும். காபிக்குக் கருப்பட்டி இல்லையென்று யாரும் குறைந்துவிட மாட்டார்கள்.

காய்கறியில் நான் ஏன் உள்ளூரை முன்னால் வைக்கிறேன் என்றால், காய் அழுகுகிற பொருள், வாரம் இரண்டு தடவை வாங்க வேண்டியது. இயற்கைக் காய்தான் வேண்டும் என்று இருபது கிலோமீட்டர் காரில் போய் இரண்டு கிலோ தக்காளி வாங்கி வந்தால் அந்தப் பெட்ரோலில் எல்லாம் அடிபட்டுப்போகும். இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உணவால் வெளியாகிற கார்பனில் போக்குவரத்தின் பங்கு பெரும்பாலான பொருட்களில் குறைவுதான், எதைச் சாப்பிடுகிறோம், எவ்வளவை வீணாக்குகிறோம் என்பதுதான் பெரியது. உள்ளூரில் வாங்குவதன் பலன் வேறு இடத்தில் இருக்கிறது: பருவத்துக்கு ஏற்றதை வாங்கப் பழகுகிறோம், பணம் பக்கத்துக் கிராமத்துக்குப் போகிறது, வாடாத காய் என்பதால் குப்பையில் போடுவது குறைகிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது புளியையும் மாங்காயையும் வைத்துச் சமாளித்த வீடுகள் எல்லாம் சந்தைக்குப் போய்ப் பழகிய வீடுகள்தான் என்று தைரியமாகச் சொல்வேன். சோப்பு, ஷாம்புக்குப் பதில் பூந்திக்கொட்டை, சீயக்காய், அரப்பு எல்லாம் நல்லதுதான், ஆனால் அவற்றை இரண்டாவது வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பழக்கம் நிலைக்காமல் அதில் அகலக்கால் வைத்தால் இரண்டும் போய்விடும்.

அரிசி கடைசி. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்து, விதையை விவசாயிகளிடம் பரவ விட்ட நெல் ஜெயராமன் 2018 டிசம்பரில் காலமானார். அவர் காப்பாற்றிக் கொடுத்த ரகங்கள் வயலில் நிற்க வேண்டுமானால் நாம் தொடர்ந்து வாங்கியாக வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் எடுத்த எடுப்பில் மாப்பிள்ளைச் சம்பாவையும் காட்டுயானத்தையும் வாங்காதீர்கள். சிவப்பு, தடித்த ரகம், முந்தின ராத்திரியே ஊற வைக்க வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு டப்பா கட்டுகிற அவசரத்தில் அது வேகாது. தூயமல்லியிலோ கிச்சிலிச் சம்பாவிலோ ஆரம்பியுங்கள். வெள்ளையாக, பொன்னி மாதிரியே வேகும், சாம்பார் ஊற்றிச் சாப்பிடுகிற பிள்ளைக்கு வித்தியாசமே தெரியாது. சிவப்பரிசியைக் கஞ்சிக்கும் இட்லி மாவில் பாதிக்கும் வைத்துக்கொள்ளலாம், அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை.

ஆகவே என் தேர்வு இப்படி: காய்கறிக்கு உழவர் சந்தை, எண்ணெய்க்குக் கூலிச் செக்கு, அரிசிக்கு நேரடி விவசாயி, சில்லறைச் சாமான்களுக்கு நம்பகமான ஒரே ஒரு அங்காடி. நாலையும் ஒன்றாகத் தொடங்க வேண்டாம். முதலில் எண்ணெயை மாற்றுங்கள், ஏனென்றால் சமையலில் வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை, அதே தாளிப்பு, அதே வாணலி, செலவும் அளந்து ஊற்றினால் கட்டுப்படும். அப்புறம் சந்தைக்குப் போகிற கிழமையைப் பிடியுங்கள், வேலைக்குப் போகிற வழியிலேயே சந்தை இருந்தால் இன்னும் நல்லது. அரிசிக்கு மட்டும் காலம் பார்க்க வேண்டும். சம்பா அறுவடை தையில் நடக்கும், அப்போதே விவசாயியிடம் பேசி வைத்துவிடுங்கள், ஆனால் உடனே அரைத்து வாங்க வேண்டாம், புது நெல் அரிசி குழைந்துபோகும். நெல்லாக அவரிடமே கிடந்து பழசாகட்டும், ஆனி, ஆடிக்கு மேல் தேவைக்கு அரைத்து வாங்கிக்கொள்ளலாம். அதுவரை அவர் சரக்கை வைத்துக் காத்திருக்க வேண்டுமே, அறுவடைக் கூலிக்கும் கடனுக்கும் அவருக்குத் தையிலேயே பணம் வேண்டும். அதனால் பேசும்போதே பாதித் தொகையை முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள்.